நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

லிஃப்ட் பழுதுபார்ப்பவர் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது, "எங்க நின்னுச்சு?" என்றுதான். நின்ற இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பார். அதனால்தான் வெளிவராத நாவல்களுக்கான போட்டியிலிருந்து அவருடைய கைப்பிரதி மூன்றாவது முறையும் திரும்பி வந்தபோது, பரிசு இல்லை என்ற கடிதத்தை ஒரு தடவையோடு விட்டுவிட்டார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செருகியிருந்த பாதி பஸ் டிக்கெட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முந்தைய இரண்டு வருடமும் கட்டிய கயிறுகூட அவிழாமல் வந்த நாவல் அது. இந்த முறை நடுவர் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் படித்திருக்கிறார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பரிசுகூட வேண்டாம், யாராவது ஒருத்தர் கடைசிப் பக்கம்வரை வந்தால் போதும் என்று ஏங்கிக் கிடந்தவர் அவர். இன்னும் ஒரே ஒரு முறை அனுப்புவது, அதற்கும் கயிறு அவிழாவிட்டால் பேனாவை மூடிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தார்.

ஆனால் நடுவர் ஏன் அங்கே நின்றார்? அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கப்பல் வேலைக்குப் போன கணவனுக்காக மனைவி கடையில் ஒரு சட்டை வாங்குகிறாள், அவ்வளவுதான். சட்டையின் நிறத்தை மாற்றினார். கடைக்காரரைப் பேசவைத்தார், பிறகு வாயை அடைத்தார். ஒன்பது முறை எழுதியும் குடைச்சல் தீரவில்லை.

கடைசியில் மனம் கேட்காமல் மனைவியிடம் டிக்கெட்டை நீட்டினார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்:

"இது என்னோடதுங்க."

"உன்னோடதா?"

"கவர் வந்த அன்னிக்கு நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. அப்படி என்னதான் எழுதறீங்கன்னு பார்க்கத் தோணுச்சு. நான்தான் கயித்த அவிழ்த்தேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. படித்த நடுவர் என்று ஒருத்தர் இல்லவே இல்லை. ஆனாலும் தொழில் புத்தி எங்கே போகும்?

"ஏன் அங்க நிறுத்தின?"

"அவன் திரும்பி வரமாட்டான்னு முப்பதாம் பக்கத்துலயே சொல்லிட்டீங்க. 'அவள் அவனைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்'னு. அது தெரியாம அவ சட்டை வாங்குறா. எனக்குப் பார்க்க மனசு வரல. மூடி வச்சிட்டேன்."

"இதை ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

நாலாவது மாடியில் நிற்கும் லிஃப்டுக்கு முதல் மாடிக் கதவில் கோளாறு இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? முப்பதாம் பக்கத்தை எடுத்தார். அந்த வரியை எழுதிய அன்று தனக்குத்தானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டவர் அவர். மனசில்லாமல் அதைக் கோடு போட்டு அடித்தார். அதற்குப் பின்னால் அந்த வரியை நம்பி நின்ற பக்கங்களையெல்லாம் மறுபடி எழுத மூன்று மாதம் பிடித்தது.

போட்டிக்குக் கடைசி நாள். தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடிவிடும். மணி நாலரை. கவரும் கயிறுமாக அவர் நின்றுகொண்டிருக்க, மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"நேரமாச்சு."

மனைவி நிமிரவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்திப் பொறுங்கள் என்று காட்டினார். அவர் எட்டிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு எப்போதோ தாண்டிவிட்டது. இன்னும் இருபது பக்கம் இருக்கும்.

"வந்துடுவான்ல?" என்று கேட்டார் மனைவி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

"படி," என்றார் அவர். கயிற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.