சாமான் கைக்கு வந்ததும் சொல்றன்

சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வந்த ஸுஹைறா, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஜெனரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாய்ந்தமருதில் பல கலியாண வீடுகளுக்கு ஒரு காலத்தில் வெளிச்சம் கொடுத்த மிஷின் அது. அவளுடைய கணவன் நூஹு அதை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடத்தினார். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மிஷின் சம்மாந்துறையில் நின்றதால் தப்பிவிட்டது. கடற்கரை வீடொன்றில் கட்டியிருந்த லைட்டுகளைக் கழற்றப் போன நூஹு தப்பவில்லை. அடக்க ஜனாஸாவும் கிடைக்கவில்லை.

அவர் மவுத்தாகி ஒன்பது வருஷமாகப் போகிறது. யுத்தமும் முடிந்து, கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு மிஷினைத் தேடி எவரும் வருவதில்லை. மாரிக்கு முன் கூரைக்குப் புதுச் சீற் போட வேண்டும். அதனால்தான் அவள் அதை விற்க நினைத்தாள். போனும் போட்டோக்கொப்பியும் வைத்திருக்கும் கொமினிகேஷன் கடைக்காரர் படம் எடுத்து, விலையும் போன் நம்பரும் எழுதி, இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டுக் கொடுத்தார்.

முதலில், வியாழக்கிழமை, ஒரு பெண் கோல் எடுத்தாள். இனிமையான குரல். யார் பாவித்த மிஷின், ஏன் விற்கிறீர்கள், ஸ்டார்ட் பண்ணக் கஷ்டமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நூஹுவின் கதை வந்ததும், தன்னுடைய வாப்பாவையும் கடல்தான் கொண்டுபோனது என்றாள். ஸுஹைறா மனம் இளகி எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் யாரும் அப்படி ஆறுதலாக இருந்து கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்த அந்தப் பெண் பிறகு எடுக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஓர் ஆண் எடுத்தான். ஸலாம் சொன்னான். அந்தக் குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் கேட்டது. காற்றோ கடலோ, அவளுக்குத் தெரியவில்லை.

"நூஹு காக்காட மிஷின்தானே ராத்தா இது? சோக் லீவர ரெண்டுதரம் இழுத்தாத்தான் வேல செய்யும்."

ஸுஹைறா போனைக் காதோடு அழுத்தினாள். "நீங்க யாரு?"

"அண்டைக்குக் காலையில நான் அவரோட நிண்டவன். கடைசி நேரத்தில அவர் ஒரு சொல் சொன்னவர். அது போனில சொல்ற கதையில்ல. சாமான் கைக்கு வந்ததும் சொல்றன்."

அதற்குமேல் அவளுக்கு விலை பேச வாய் வரவில்லை. கேட்ட எழுபதாயிரத்தையும் அப்படியே பேங்கில் போடுவதாக அவனே சொன்னான். அவளும் கணக்கு இலக்கத்தைக் கொடுத்தாள். சனிக்கிழமை காலையில், எழுபதாயிரம் சல்லியும் கணக்கில் விழுந்துவிட்டதாக ஒரு மெசேஜ் வந்தது. வழக்கமாக பேங்க் அனுப்பும் மெசேஜில் மேலே பேங்கின் பெயர் இருக்கும். இதில் வெறும் போன் நம்பர்தான் இருந்தது. ஸுஹைறா அதைக் கண்டாள். கண்டுவிட்டு போனைக் குப்புற வைத்தாள்.

அவன் அனுப்பிய சின்ன பட்டா லொறி பின்னேரம் நான்கு மணிக்கு வந்தது. ஓட்டி வந்தவன் ஜீவராஜ், பக்கத்துக் காரைதீவுக்காரன், முப்பது வயதிருக்கும். பலகை வைத்து இருவருமாக மிஷினைத் தள்ளி ஏற்றினார்கள். கயிறு கட்டும்போது அவளால் கேட்காமலிருக்க முடியவில்லை.

"அவர நேரில கண்டீங்களா தம்பி?"

"இல்ல ராத்தா. போனில கதைச்சதுதான். ஆனா தெரிஞ்ச ஆள்தான். எங்கட அண்ணனோட இருந்தவர்."

"அண்ணன் இப்ப எங்க?"

"கடைசி வருஷச் சண்டையில காணாமப் போனவர். இவர் கடைசி வரைக்கும் அவரோட நிண்டவராம். அண்ணன் ஒரு சொல் சொன்னவராம். அதான் நான் கூலியும் கேக்கல்ல." ஜீவராஜ் கயிற்றை இறுக்கினான். "போனில சொல்ற கதையில்லயாம். சாமான் கைக்கு..."

"...வந்ததும் சொல்றன் எண்டாரா?"

கயிறு அவன் கையிலேயே நின்றது. ஒரே வாய் இரண்டு வீட்டு மவுத்துக்களையும் பேசியிருக்கிறது.

"எங்க இறக்கச் சொன்னவர்?"

"பொத்துவில் ரோட்டில ஒரு மதகடியில. இறக்கி வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போகட்டாம். பிறகு போன் எடுத்துச் சொல்றாராம்."

"அண்ணனப் பத்தி ஆருக்கும் சொன்னீங்களா?"

ஜீவராஜ் யோசித்தான். "முந்தநாள் ஒரு பொம்பிள லொறி ஹயருக்கு எவ்வளவு எண்டு கேட்டுப் போன் எடுத்தவ. கன நேரம் கதைச்சவ. தன்ட தம்பியும் காணாமப் போனவனெண்டு அழுதவ. நானும்..." அவன் நிறுத்திவிட்டான்.

ஸுஹைறா லொறியின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்து அந்த மெசேஜை அவனுக்குக் காட்டினாள்.

"இது பேங்க் அனுப்பினதில்ல ராத்தா. ஆரோ போனில அடிச்சு அனுப்பியிருக்கான்."

"ஓம். எனக்குக் காலையிலயே தெரியும்" என்றாள் அவள், தலை குனிந்தபடி.

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏத்தியாச்சா ராத்தா?"

குரலைக் கேட்டதும் ஜீவராஜ் கயிற்றை விட்டுவிட்டுக் கிட்ட வந்தான். அதே ஆள்தான் என்பதுபோல் தலையாட்டினான்.

"ஏத்தியாச்சு. ஆனா திங்கக்கிழம பேங்க் திறந்து, சல்லி விழுந்தத நான் கண்ணால கண்ட பிறகுதான் லொறி போகும்."

மறுபக்கம் அந்த இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு குரல் இன்னும் மெதுவாக வந்தது.

"தண்ணிக்குள்ள நிண்டு அவர் உங்கட பேரச் சொல்லித்தான் கூப்பிட்டவர். மிச்சத்தக் கேக்க விருப்பமில்லையா?"

ஒன்பது வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி அது.

"விருப்பம்தான்" என்றாள். "அதாலதான் நீ என்னப் பிடிச்ச." போனை வைத்துவிட்டாள்.

மிஷினைத் திரும்பவும் இறக்கினார்கள். அவன் பிறகு எடுக்கவில்லை. இவர்கள் எடுத்தபோது அந்த நம்பர் செத்துக்கிடந்தது. திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து கல்முனைக்குப் போனார்கள். ஒரு சதமும் வரவில்லை என்று பேங்கில் சொன்னார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதி, அந்த நம்பர்களையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். படியில் ஜீவராஜ் நின்றான். இரண்டு நாளாக நித்திரையில்லாத கண்கள்.

"ராத்தா, ஒருவேள அவன் சொன்னது உண்மையா இருந்தா?"

அதே கேள்வி ஸுஹைறாவுக்குள்ளும் கிடந்தது.

"உண்மையா அவங்களோட நிண்டவனெண்டா, எப்பவோ வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போயிருப்பான் தம்பி. அதுக்கு மிஷின் கேட்டிருக்க மாட்டான். இனி ஆர் எடுத்தாலும் சாமானப் பத்தி மட்டும் கதைப்பம். வீட்டுக் கதை வேணாம். அந்தப் பொம்பிளையிட்ட நாங்க அழுது சொன்னதத்தான் அவன் எங்களுக்கே திருப்பிச் சொன்னான். மெசேஜ் வந்தா சல்லி வந்ததெண்டு அர்த்தமில்ல. பேங்குக்குப் போய்ப் பாக்கணும். பாக்கிற வரைக்கும், மவுத்தானவங்கட பேரைச் சொல்லிக் கேட்டாலும் சாமானக் குடுக்கப்படாது."