பரக்கத் அலி வீட்டில் எல்லாரும் சௌக்கியம்

பரக்கத் அலி ஸ்ரீரங்கம் கோயிலின் உள்ளே காலெடுத்து வைத்தவர் அல்ல. ஆனாலும் ரங்கநாதர் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறார், பாம்புக்கு எத்தனை தலை என்பதையெல்லாம் இங்கிலீஷில் அவரைப்போல எடுத்துச் சொல்ல திருச்சினாப்பள்ளியில் ஆள் கிடையாது. வெள்ளைக்காரர்களுக்கும் உள்ளே அனுமதி இல்லை. ஆகவே உள்ளே போகக்கூடாத ஒருவர், உள்ளே போகக்கூடாத பத்துப் பேரை மண்டபத்து மேல்தளத்தில் ஏற்றி, தங்க விமானத்தைக் கைகாட்டி, கதை சொல்லி இறக்குவார். இதற்குக் கைடு உத்தியோகம் என்று பெயர்.

பாலக்கரையில் எங்கள் தெருவே அந்த உத்தியோகத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடியிலிருந்து வரும் போட் மெயிலில் துரைமார் இறங்கினால், ரசூலின் ஜட்காவுக்குச் சவாரி. சுற்றிப் பார்த்த களைப்பில் அவர்களைப் பரக்கத் அலி கொண்டுவந்து விடும் இடம் அவருடைய சகலை காஜா மைதீனின் கடை. அங்கே நெட்டித் தக்கையில் செய்த கோபுரம், பட்டை தீட்டிய கண்ணாடிக் கல், சுருட்டுப் பெட்டி எல்லாம் இருக்கும். கோயிலைப் பார்க்காதவர்கள் கோயிலை வாங்கிக்கொண்டு போவார்கள். பரக்கத் அலியின் மனைவி ஷரபுன்னிசா அக்காள். காஜா மைதீனின் மனைவி நஜீமா தங்கை. குடும்பத்துக்குள்ளேயே வியாபாரம் முடிந்துவிடும்.

முப்பத்தைந்தாம் வருஷம் தை மாதம், கொழும்புக்கு வரும் ஒரு பெரிய கப்பலிலிருந்து அறுபது பேர் வெள்ளிக்கிழமை காலை திருச்சியில் இறங்குவதாக ஏற்பாடு. அறுபது பேர்! காஜா மைதீன் கடைக்கு வெள்ளையடித்தார். ரசூல் குதிரைக்கே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். அந்த மனிதர் தான் எப்போது குளித்தார் என்று எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் ஒரு சங்கடம். மார்கழி ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூடிய கூட்டம் கலைந்தபோது, வாந்திபேதியை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. லால்குடிப் பக்கம் கண்டது, அக்கரைக் கிராமங்களில் கண்டது என்றார்கள். பாலக்கரையில் இல்லை. இருந்தாலும் இல்லை. ஏனென்றால் டவுனுக்குள் ஒரு கேஸ் எழுதப்பட்டால், நோய் கண்ட ஊர் என்று முத்திரை விழுந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் கால் வைத்த தோட்டக் கூலிகளை, சிலோனுக்குள் விடுவதற்கு முன்னால் மண்டபம் முகாமில் நாள் கணக்காக அடைத்துப்போடுவார்கள். துரைமாரை அடைக்க முடியுமா? அவர்களுக்குப் பதிலாக ஊரை அடைத்துவிடுவார்கள். ரயில் வரும், நிற்கும், ஒருவரும் இறங்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷரபுன்னிசாவுக்கு வாந்தி தொடங்கியது. எங்கள் அடுப்படிச் சுவரும் அவர்கள் முற்றத்துச் சுவரும் ஒன்று. காதில் விழுவதை யார் தடுக்க முடியும்? விளக்கு வைப்பதற்குள் மற்றதும் தொடங்கிவிட்டது. பரக்கத் அலி செருப்பை மாட்டிக்கொண்டு சுகாதார இன்ஸ்பெக்டர் வீட்டுக்குக் கிளம்பினார். வாசலிலேயே காஜா மைதீன் மறித்தார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"அவளுக்குக் கண்ணு உள்ள போயிருச்சு காஜா. இது அதேதான்."

"அதேதான்னு நீங்க என்ன டாக்டரா? மத்தியானம் கருவாடு தின்னாங்களாம், செரிக்கல. ஓமத்தண்ணி குடுத்தா சரியாப் போயிரும்."

"வெரலெல்லாம் சுருங்கிப் போச்சுப்பா."

"அண்ணே, வெள்ளிக்கிழம கப்பல்காரங்க வர்றாங்க. இன்னிக்கு நீங்க போய் எழுதி வச்சா இந்தத் தெரு உங்கள என்ன சொல்லும்? அவங்க வந்துட்டுப் போகட்டும். அன்னிக்குச் சாயங்காலம் நானே வண்டி கொண்டாந்து கூட்டிட்டுப் போறேன். ரெண்டு நாள்தானே!"

அதற்குள் ரசூலும் மற்ற ஆண்களும் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தர் அல்லா பெரியவன் என்றார். ஒருத்தர் எலுமிச்சம்பழம் நல்லது என்றார். எங்கள் தெருவில் அடுத்த வீட்டு நோவுக்கு வைத்தியம் தெரியாதவர் யாரும் கிடையாது. பரக்கத் அலி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தெரு நிம்மதியாகத் தூங்கப் போயிற்று.

ஷரபுன்னிசா தூங்கவில்லை. தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த சாஸ்திரம். ஆகவே ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்தார்கள். அவள் துணியைக் கடித்து உறிஞ்சினாள் என்று நஜீமாவே பிறகு சொன்னாள்.

புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்தார். மற்ற தெருக்களில் அவர் உள்ளே புகுந்து பாயைக்கூடத் தூக்கிப் பார்ப்பார். எங்கள் வீடுகள் கோஷா வீடுகள். அந்நிய ஆண் திரையைத் தாண்டமாட்டான். ஆகவே அவர் வாசலில் நின்று வீட்டுப் பெண்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொருத்தியும் குரல் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல. குரல் வந்தால் ஆள் சௌக்கியம்.

"சுராயா?"

"இருக்கேன்" என்றாள் மகள்.

"ஷரபுன்னிசா?"

அக்காளுக்கும் தங்கைக்கும் பிசகாத ஒரே குரல். அவர்கள் அத்தாவே பாதி நாள் ஆளை மாற்றிக் கூப்பிடுவாராம்.

"இருக்கேங்க, நல்லா இருக்கேன்" என்றாள் நஜீமா.

தன் பெயரைக் கேட்டதும் பாயில் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"தண்ணி... சார், தண்ணி..."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "யாரது, தண்ணி கேக்கறது?"

"புள்ள சார்" என்றார் பரக்கத் அலி. "வெளையாடிட்டு வந்திருக்கு."

உள்ளே நஜீமா அக்காளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்துவதற்குப் பெரிதாகப் பலம் தேவைப்படவில்லை.

"ஷரபுன்னிசாம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"அதான் நல்லா இருக்கேன்னு சொன்னேன்ல? அடுப்புல பால் பொங்குது, எத்தன தடவங்க சொல்றது?"

அசல் ஷரபுன்னிசாவின் சிடுசிடுப்பு. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, என் வேலை அப்படி. பாய், தெருமுனையில ஆஸ்பத்திரி வண்டி நிக்குது. நரம்புல உப்புத்தண்ணி ஏத்தறாங்க, செத்தாப்ல கெடந்தவங்க எந்திரிச்சு ஒக்காந்து பேசறாங்க. யாருக்காச்சும் இருந்தா மறைக்காதீங்க."

"மறைக்க என்ன சார் இருக்கு? எல்லாரும் சௌக்கியம்."

துரைமாரிடம் சிரிக்கும் அதே சிரிப்பு. வண்டி மத்தியானம் வரைக்கும் தெருமுனையில் நின்றது. குதிரை புல் தின்றது.

சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால் ஷரபுன்னிசா போய்விட்டாள். குளிப்பாட்ட வந்த மஜீதா, துணியை விலக்கியதுமே இது என்ன சாவு என்று தெரிந்துகொண்டாள். அவளுக்கும் ஜங்ஷனில் பெட்டி தூக்குகிற மகன் ஒருவன் இருந்தான். "நெஞ்சு வலிதான்" என்றாள். நெஞ்சு வலி என்று தெரு முழுக்க ஒரே வாயாகச் சொன்னது. பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது. காஜா மைதீன்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதார். அழுதுவிட்டுக் கடையைத் திறந்து கோபுரங்களுக்குத் தூசி தட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பரக்கத் அலி சிவப்புத் தலைப்பாகை, பித்தளை வில்லை, சலவைக் கோட்டு சகிதம் ஜங்ஷனில் நின்றார். பெண்டாட்டி செத்து மூன்றாம் நாள் ஃபாத்திஹாகூட ஓதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. ரசூல் பதினைந்து ஜட்காக்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்.

போட் மெயில் வந்தது. முதல் வகுப்பிலிருந்து ஒரு நாய் இறங்கியது. அதுவும் கால் நீட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டது.

ரயில் போனபிறகு ரெஃப்ரெஷ்மென்ட் ரூம் பட்லர் வெளியே வந்தான்.

"யாருக்கு பாய் காத்திருக்கீங்க?"

"கப்பல் பார்ட்டிப்பா, அறுபது பேர்."

"அவங்களா? அவங்க கொழும்புலயே எறங்கலயே. சிலோன் பூரா மலேரியாவாம், கொத்துக் கொத்தாச் சாவுறாங்களாம். கப்பல் நேரா பம்பாய் போயிருச்சு. அறுபது பேருக்கு நாஷ்டா வேணாம்னு எங்களுக்குத் திங்கக்கிழமையே தந்தி வந்துருச்சு. உங்களுக்கு யாரும் சொல்லலயா?"

திங்கட்கிழமை ஷரபுன்னிசா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். சிலோன் காய்ச்சலைப் பற்றி எங்கள் காதிலும் விழாமல் இல்லை. துரைமாரையும் கொசு கடிக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பரக்கத் அலி வெறுங்கையோடு தெருவுக்குள் நுழைந்தபோது காஜா மைதீன் கடைப்படியில் நின்றிருந்தார்.

"எத்தன வண்டிண்ணே வருது?"

"ஒண்ணும் வரல. வரமாட்டாங்க."

காஜா மைதீன் உட்கார்ந்துவிட்டார். பெரிய அதிர்ச்சிதான். பிறகு கேட்டார்.

"அடுத்த கப்பல் எப்ப?"

ஞாயிற்றுக்கிழமை நஜீமாவுக்கு வாந்தி கண்டது. பொத்திய கைக்கு நோய் ஒட்டாமல் இருக்குமா? இந்த முறை யாரும் கருவாடு என்று சொல்லவில்லை. இனி வருவதற்கு விருந்தாளி இல்லை. மறைப்பதற்குக் காரணமும் இல்லை. காஜா மைதீன் சட்டைகூடப் போடாமல் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஓடினார். கோஷாவாவது ஒன்றாவது! நாலு பேர் திரையை விலக்கி, நஜீமாவைப் பாயோடு தூக்கி, தெரு முழுக்கப் பார்க்க வண்டியில் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் அவள் நடந்தே திரும்பி வந்தாள்.

பார்க்கப் போனவர்களில் பரக்கத் அலியும் இருந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். திரைக்கு வெளியே உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"நஜீமா, அந்த உப்புத்தண்ணி ஏத்துனாங்களே, ஏத்துனப்ப எப்படி இருந்துச்சு?"

"ஊசி குத்துனதுதான் மச்சான் வலி. அப்புறம் ஒண்ணும் தெரியல."

"தாகம்?"

"தாகமெல்லாம் ஒடனே அடங்கிருச்சு."

"ஒடனேன்னா? எவ்வளவு நேரத்துல?"

நஜீமா யோசித்து, உண்மையாகவே பதில் சொன்னாள்.

"ஒரு வெத்தலை போட்டு முடிக்கிற நேரம் இருக்கும் மச்சான்."

பரக்கத் அலி பழத்தைத் திரைக்கடியில் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் படி இறங்கியதும் காஜா மைதீன் பல்லைக் கடித்தார்.

"ஏண்டி, அறிவிருக்கா? இதெல்லாம் அவர்கிட்டயா சொல்றது?"

"கேட்டாரு" என்றாள் நஜீமா, பழத்தை உரித்துக்கொண்டே. "சொன்னேன்."