மர்ரே கழற்றிய பேட்டரி

பிராக்கன் மலையில் பனிச்சறுக்கு என்பது கால் வேலை அல்ல, கை வேலை. எங்கள் கிளப்புக்குச் சொந்தமான சரிவு அது. நாற்காலி லிஃப்ட் எல்லாம் கிடையாது. ஒரு பழைய டிராக்டர் எஞ்சின் இழுக்கும் கயிறு அடிவாரத்திலிருந்து உச்சிவரை உருளைகளின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற கயிற்றை இடது கையால் எட்டிப் பிடித்து, இடுப்புப் பட்டையில் தொங்கும் இரும்புக் கவ்வியை வலது கையால் அதன்மேல் போட்டு இறுக்க வேண்டும். பார்க்கப் பாக்குவெட்டி மாதிரி இருக்கும். நாங்களும் பாக்குவெட்டி என்றுதான் சொல்வோம். உச்சி வரும்வரை பிடியை விடக்கூடாது. கயிறு எந்தக் கையுறையையும் ஒரே காலையில் தின்றுவிடும் என்பதால் மேலே ஒரு தோல் உறையும் மாட்டிக்கொள்வோம்.

அந்தக் கைதான் என்னைக் கைவிட்டது.

மூன்று குளிர்காலத்துக்கு முன் தொடங்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் வெளுத்துப்போகும். அப்புறம் நீலமாகும். ரத்தம் திரும்பும்போது யாரோ நகத்தின் மேல் சுத்தியலால் அடிப்பது மாதிரி வலிக்கும். நான் டார்ஃபீல்டில் மாட்டு வைத்தியம் பார்க்கிறவள். எங்கள் ஊரில் நடுக்குளிர்காலமான ஜூலையில் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு எத்தனையோ கன்றுகளை இழுத்துப் போட்டிருக்கிறேன். குளிருக்குப் பயந்த ஆள் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு இரண்டு கையிலும் சேர்த்து எட்டு விரல்கள் வெளுத்தன. குளிர் பட்டால் என் விரல்களின் ரத்தக் குழாய்கள் தேவைக்கு மேல் மூடிக்கொள்கின்றன என்று டாக்டர் சொன்னார். வெளுத்த பிறகு சூடேற்றிப் பயனில்லை, வெளுக்கவே விடக்கூடாது என்றார்.

இதை நான் முதலில் சொன்னது என் தம்பி மர்ரேயிடம். கிளப்புக்குத் தலைவர் அவன்தான்.

"அப்பா வெறும் கம்பளி உறையோட இந்தக் கயித்துல ஏறுனாரு, ஐல்சா. உனக்கு வயசாகுது, வேற ஒண்ணுமில்ல" என்றான்.

அதோடு விடவில்லை. என் வெளுத்த விரல்களைப் பார்த்து எனக்கு மெழுகுவத்தி என்று பேர் வைத்தான். கிளப்பில் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்த முறை வேலைப் பட்டியல் வந்தபோது என் பெயர், அடிவாரத்தில் நாங்கள் தங்கும் கிளப் லாட்ஜின் சமையலறைக்கு நேராக இருந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு குளிர்காலம் முழுக்க நான் சூப்புக்குக் காய் நறுக்கிக்கொண்டு, ஜன்னல் வழியே மற்றவர்கள் இறங்கி வருவதைப் பார்த்தேன்.

இந்த ஜூன் மாதம் போதும் என்று தோன்றியது. சூடேற்றும் கையுறை வாங்கிவிடுவது என்று முடிவெடுத்து, என் கணவர் நெவிலைக் கூட்டிக்கொண்டு கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முதல் நிமிடத்திலிருந்தே நெவிலைப் பார்த்துத்தான் பேசினார். மேடத்துக்கு என்ன அளவு என்று அவரிடம் கேட்டார். கை அவளுடையது, அவளைக் கேளுங்கள் என்றார் நெவில். அதன் பிறகும் அந்த மனிதருடைய கண் என் பக்கம் திரும்பவில்லை.

முதல் ஜோடியை எடுத்துக் காட்டி, கை முழுக்கச் சூடாகும் என்றார். நான் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். சூட்டுத் தகடு புறங்கையோடு நின்றுவிட்டது. விரல் நுனிக்குக் கம்பியே போகவில்லை. புறங்கை சூடாக இருந்து எனக்கு என்ன லாபம்? இரண்டாவது ஜோடி பெண்களுக்கென்றே செய்ததாம். பளபளப்பாக, தோலோடு ஒட்டிக் கச்சிதமாக இருந்தது. இறுக்கினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும் என்றேன். மூன்றாவது தடியாக, நன்றாகவே இருந்தது. ஆனால் அதற்கு மேல் கயிற்றுக்கான தோல் உறை ஏறாது. எட்டு மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்ததே, எந்தச் சூட்டில் எட்டு மணி நேரம் என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, குறைந்த சூட்டில் என்றார். அதிகச் சூட்டில் இரண்டரை. குளிரில் பேட்டரி இன்னும் சீக்கிரம் சாகும், அதை அவர் சொல்லவில்லை.

என் கேள்விகள் அவருக்கு அலுத்துவிட்டன. நெவிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "குளிர் இவ்வளவு ஒத்துக்கலைன்னா, மேடம் லாட்ஜுலயே உக்காந்து சூடா ஏதாவது குடிக்கலாமே சார்" என்றார்.

மூன்று ஜோடியையும் மேசைமேல் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீடு வரும்வரை நெவிலோடும் பேசவில்லை, பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு நானே ஒரு வழி செய்தேன். மோட்டார் பைக்கில் மாடு மேய்க்கிறவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை மரத்துப்போனவர்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் அவரவர் வைத்திருந்த சூட்டுக் கையுறைகளைக் கடன் வாங்கினேன். ஐந்து ஜோடி சேர்ந்தது. எங்கள் மாட்டு ஆஸ்பத்திரியில் செத்த விலங்குகளை, எடுத்துப்போகும் வண்டி வரும்வரை வைக்கும் குளிர் அறை ஒன்று இருக்கிறது. மதிய உணவு நேரத்தில் ஒவ்வொரு ஜோடியாக மாட்டிக்கொண்டு, ஒரு செத்த ஆட்டுக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் நின்றேன். கையில் பாக்குவெட்டியையும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

ஐந்தில் ஒன்றுதான் தேறியது. மெல்லிய உள் கையுறை, ஒவ்வொரு விரலின் இரு பக்கமும் கம்பி ஏறி நுனியைச் சுற்றி இறங்கும், பேட்டரி மணிக்கட்டில். அதற்கு மேல் விரல் பிரிக்காத தோல் உறை, என் அளவுக்கு இரண்டு அளவு பெரியது, காற்று உள்ளே நிற்கும்படி. வெளியே போகப் பத்து நிமிடம் முன்பே போட்டுவிட்டால் விரல் வெளுக்கவில்லை. அதையே வாங்கினேன், மாற்று பேட்டரியோடு.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை. முந்தின மாலையே லாட்ஜுக்குப் போய், சமையலறை மூலையில் நான்கு பேட்டரியையும் சார்ஜ் போட்டு வைத்தேன். காலையில் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே மாட்டியிருந்தன. எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் மர்ரே என் மணிக்கட்டுக் கம்பியைப் பார்த்துவிட்டான்.

"எல்லாரும் பாத்துக்குங்க, எங்க அக்கா இப்ப கரன்ட்டுல ஓடுறா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

துருவத்திலிருந்து வரும் தெற்குக் காற்று கத்தியாக வீசிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்தேன், பாக்குவெட்டியைப் போட்டேன், பிடி நின்றது. இரண்டு ஆண்டு கழித்து உச்சியில் நின்றேன். பள்ளத்தாக்கு முழுக்க என் காலுக்குக் கீழே கிடந்தது. ஒரு முறை இறங்கிவிட்டு மறுபடி கயிற்றில் ஏறக் காத்திருந்தபோது மணிக்கட்டில் விளக்கு சிவந்து அணைந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாற்று பேட்டரியைப் போட்டேன். அதில் விளக்கே வரவில்லை. ஒரு தடவைதானே, உச்சிக்குப் போய் நேராக லாட்ஜுக்கு இறங்கிவிடலாம் என்று கயிற்றைப் பிடித்தேன். அது என் தப்பு.

பாதி வழியில் விரல்கள் போய்விட்டன. பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. விட்டிருக்கிறேன். பின்னோக்கிச் சறுக்கி, ஒரு சறுக்குப் பலகை கழன்று, உருண்டு, வேலிக் கம்பத்தில் தோள் இடித்து நின்றேன். பின்னால் கயிற்றில் ஏறி வந்துகொண்டிருந்த, எங்கள் கிளப்பைச் சேர்ந்த ரோவீனா ஒரு சாண் இடைவெளியில் என்னைக் கடந்து போனாள். அந்த ஒரு சாண் இல்லாமல் போயிருந்தால் இரண்டு பேருக்கும் எலும்பு மிஞ்சியிருக்காது. இடுப்புப் பட்டையைக்கூட என்னால் அவிழ்க்க முடியவில்லை. நடந்தே இறங்கி, லாட்ஜ் கதவைக் காலால் உதைத்தேன்.

மர்ரே எஞ்சினைப் பார்த்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. பின்னாலேயே ரோவீனாவும் பதறிக்கொண்டு வந்துவிட்டாள். என் பேட்டரியை யாராவது தொட்டீர்களா என்று கேட்டேன்.

"நான்தான் நேத்து எடுத்தேன்" என்றான் அவன், சாதாரணமாக. "வாக்கி டாக்கிக்கு சார்ஜ் போட இடமில்ல. பொம்மைக்கெல்லாம் கரன்ட் குடுக்க முடியுமா?"

"காலைல மாட்டித்தானே இருந்துச்சு?"

"நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி மாட்டிட்டேன். பாத்தா கத்துவியே."

எடுத்ததைக்கூட மன்னித்திருப்பேன். எனக்குத் தெரியக்கூடாது என்று திருப்பி மாட்டி வைத்தானே, அதுதான் என் மண்டைக்குள் தீயாக ஏறியது. என் இரண்டு கையையும் அவன் முன்னால் நீட்டி, கையுறைகளைக் கழற்றிவிடச் சொன்னேன். கழற்றினான். எட்டு விரலும் சுண்ணாம்பாக இருந்தன.

"பிடிச்சுப் பாரு."

தன் கையுறையோடு பிடித்தான்.

"வெறுங்கையால பிடிடா."

அசையவில்லை. மறுபடி சொன்னேன். அப்போதும் அசையவில்லை. என் விரல் மடங்காது. ஆகவே அவன் கையுறையின் விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்தேன். அது கழன்று கீழே விழுந்தது.

அவனுக்கும் மூன்று விரல்கள் வெளுத்திருந்தன, இரண்டாம் கணுவரை.

அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"எத்தனை வருஷமா?"

"ஏழு இருக்கும்" என்றான், தரையைப் பார்த்து. "தலைவன் கையே இப்படின்னா, யாரு என்னைக் கயிறு பக்கம் விடுவாங்க?"

ரோவீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவனைக் கட்டிக்கொள்வேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. எனக்கோ கோபம் இரண்டு மடங்காகியது. வலி தெரியாதவன் சிரித்தால் அது அறியாமை. இவனுக்குத் தெரியும். ஒவ்வொரு குளிர்காலக் காலையிலும் நகத்துக்குள் அந்தச் சுத்தியல் அடியை வாங்கிக்கொண்டே எனக்கு மெழுகுவத்தி என்று பேர் வைத்திருக்கிறான். என்னைச் சமையலறையில் தள்ளியது, யாரும் தன் கையைப் பார்க்காமல் இருக்கத்தான்.

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான், என் கையில் ஊற்ற.

"மரத்த கையில கொதிக்கற தண்ணிய ஊத்துவியா? வெந்தாலும் தெரியாதுடா எனக்கு. வெதுவெதுன்னு கொண்டா."

கொண்டுவந்தான். நாற்பது நிமிடம் அந்தப் பாத்திரத்தில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். எதிரே அவன் தன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெவிலை வரச் சொல்லி வீட்டுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தான். எந்தக் கையுறை வாங்கினாய் என்று கேட்டான். என்னை விசாரிப்பதற்கு முன் அதைக் கேட்டான். கிளப் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல், அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கையுறையின் பேரைச் சொல்லிவிட்டால்தான் என்ன, தம்பிதானே என்றார் நெவில். முடியாது என்றேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு கூட்டம். மர்ரே டீசல் கணக்கு, உடைந்த உருளை, குழாய் உறைந்தது எல்லாவற்றையும் படித்தான். காகிதத்தை மடித்தான். உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன்.

"இன்னொண்ணு" என்றான். "எங்க அக்கா கயித்துலேர்ந்து விழுந்தது என்னாலதான். அவ பேட்டரிய நான்தான் கழட்டுனேன். கழட்டுனது தெரியக்கூடாதுன்னு திரும்ப மாட்டியும் வச்சேன். எனக்கும் அதே வியாதி இருக்கு. ஏழு வருஷமா மறைச்சேன்."

மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டான். கையுறைகளுக்கென்று தனியாக நான்கு பிளக் வைக்க வேண்டும் என்று ரோவீனா சொன்னாள், நிறைவேறியது. சமையலறை வேலை தலைவர் உட்பட எல்லோருக்கும் முறை வைத்து வர வேண்டும் என்று நான் சொன்னேன். இரண்டு பேர் எதிர்த்தார்கள். மர்ரே ஆதரித்துக் கை தூக்கினான்.

கூட்டம் முடிந்து காருக்கு நடந்தபோது கூடவே வந்தான். வாக்குக் கொடுத்தபடி கையுறையின் பேரைச் சொன்னேன், கூடவே இதையும்: கம்பி நுனிவரை போகிறதா என்று உள்ளே விரலை விட்டுப் பார், அதிகச் சூட்டில் எத்தனை மணி நேரம் என்று கேள், இறுக்கமாக வாங்காதே. தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"இன்னும் கோவமா, அக்கா?"

"ஆமா."

"எப்பப் போகும்?"

"தெரியல. கதவ விடு, நேரமாகுது."

விட்டான். நான் வண்டியை எடுத்தேன்.