விட்ரு வள்ளி

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. விஜயராணியோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கும்போது அவள் துணி காயப்போட வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். அவள் அம்மா கொடுத்தனுப்பும் பணியாரத்தை மட்டும் முறைத்துக்கொண்டே தின்றுவிடுவேன். பணியாரம் என்ன பாவம் செய்தது?

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டீமில் ஃபுட்பால் ஆடியவர்கள் நாங்கள். அவள் கோல்கீப்பர், நான் அவளுக்கு முன்னால் நிற்கும் டிஃபென்டர். பந்து உயரமாக வந்தால் பின்னாலிருந்து, "விட்ரு வள்ளி!" என்று கத்துவாள். பந்தை அவள் பிடித்துக்கொள்கிறாள், நான் ஒதுங்க வேண்டும் என்று அர்த்தம். திரும்பிக்கூடப் பார்க்காமல் குனிந்துவிடுவேன். ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் தவறவிட்டதில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரே காலேஜில் சேர்வது என்று பேசி வைத்திருந்தோம். நான் சேர்ந்தேன். அவள் துவாக்குடிப் பக்கம் வேறொரு காலேஜில் சேர்ந்துவிட்டாள். அதையும் அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அந்த இரண்டு காலேஜுக்கும் ஏற்கெனவே ஆகாது. காலேஜ்களுக்கான கோப்பை ஃபைனலில் முதல் இரண்டு வருஷமும் அவர்களோடு ஆட்டம் சமனாகி, பெனால்டியில் தோற்றோம். போன வருஷம் நான் அடித்ததை ராணி தாவிப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிரித்திருந்தாலாவது திட்டியிருப்பேன். சிரிக்கவில்லை.

இந்த வருஷமும் ஃபைனலில் அவர்கள்தான், எனக்குக் கடைசி ஆட்டம். அவளை ஒரு தடவையாவது ஜெயிக்காமல் காலேஜை விட்டுப் போவதில்லை என்று இருந்தேன். எண்பது நிமிஷம் ஆனபோது ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள்தான் முன்னிலை.

"பெனால்டிக்கு மட்டும் விட்டுடாதீங்கம்மா. அந்தப் பொண்ணு ஒன்னையும் உள்ள விடாது" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து எங்கள் கோச் வீரமலை சார் கெஞ்சினார்.

கடைசி நிமிஷத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர். வேறு வழியில்லாமல் கோல்கீப்பரையும் முன்னால் அனுப்பினார்கள். மைதானம் முழுக்க ஓடி வந்து, கையுறையோடு எங்கள் கோலுக்கு முன்னால் வந்து நின்றாள் ராணி.

"அவள நான் பாத்துக்கறேன்" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

பந்து வந்தது. நேராக என் தலைக்கு. முட்டித் தள்ளினால் கோப்பை எங்களுக்கு. பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"விட்ரு வள்ளி!"

குனிந்துவிட்டேன்.

குனிந்த பிறகுதான் உறைத்தது. பாவி, ஏமாற்றிவிட்டாள் என்று திரும்பினேன். எங்கள் கோல்கீப்பர் கோலின் அந்தக் கோடியில் நின்றாள்; கோலுக்கும் ராணிக்கும் நடுவில் யாரும் இல்லை. பந்தை நெற்றியால் லேசாகத் தொட்டிருந்தாலே போதும், ஆட்டம் சமன். ராணி எம்பினாள். இரண்டு கையையும் நீட்டிப் பந்தை அழகாகப் பிடித்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் இறங்கினாள்.

வேடிக்கை பார்த்தவர்கள் அடித்துக்கொண்டிருந்த ட்ரம்ஸ் நின்றுபோனது. கோல்கீப்பர் தன் கோல் பக்கத்தில்தான் பந்தைக் கையால் தொடலாம். இது எங்கள் கோல். ரெஃப்ரிக்கே விசிலை ஊத இரண்டு நொடி ஆயிற்று. ஃபவுல் எங்கள் பக்கம். நாங்கள் ஒரு உதை உதைத்ததும் ஆட்டம் முடிந்தது.

எங்கள் பெண்கள் வீரமலை சாரைத் தூக்க முயன்று கீழே போட்டார்கள். ராணி எங்கள் கோலுக்கு முன்னாலேயே உட்கார்ந்து கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் டீமில் ஒருத்தியும் பக்கத்தில் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏன்டி புடிச்ச?"

"நீ ஏன்டி விட்ட?"

"நீதானடி விடச் சொன்ன!"

"வேணும்னு கத்தலடி. உன் முதுகப் பாத்ததும் தானா வந்துடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஹாஸ்டலோட ஃப்ரீ சீட்டு குடுத்தாங்கடி. அப்பா சேத்துட்டாரு. உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கும் விட்டிருப்பேன்ல, லூசு."

மூன்று வருஷமும் அவள் இல்லாமல் எனக்கு ஆட்டமே பிடிக்கவில்லை. அதையும் சொன்னேன்.