வெயில் முடியுற வரைக்கும்

அவன் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கடைக்குள் நுழையும்போது மற்ற விற்பனையாளர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும். அவர்கள் எல்லாம் வேர்த்து விறுவிறுத்து வந்து மின்விசிறிக்கு அடியில் இடம் தேடுவார்கள். இவன் மட்டும் அப்போதுதான் பெட்டியிலிருந்து பிரித்து எடுத்தவன் மாதிரி நிற்பான். ஆண்களுக்கான ரெடிமேட் கடை அது. "வர்றவன் முதல்ல உங்களைப் பார்ப்பான், அப்புறம்தான் சட்டையைப் பார்ப்பான்" என்று முதலாளி அடிக்கடி சொல்வார். அந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன் இவன் ஒருத்தன்தான். கடையில் அவனுக்கு இஸ்திரி என்று பெயர். வாடிக்கையாளர்களே "இஸ்திரி சார் இல்லையா?" என்று கேட்டு வருவதுண்டு.

அதற்கு அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெளிர் நிறத்தில் நூல் சட்டைதான். உள்ளே மெல்லிய பனியன், ஹெல்மெட்டுக்குள் ஈரத்தைக் குடிக்கும் துணிக் குல்லாய், பிடரியில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டை. முதுகில் பை மாட்டினால் தீர்ந்தது கதை என்று பையை முன்னால் தொங்கவிட்டுக்கொள்வான். சாலையின் எந்தப் பக்கத்தில் எந்நேரம் நிழல் விழும், எந்த சிக்னலுக்கு மரம் உண்டு என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இவ்வளவையும் யோசித்தவன், பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டான். அதுதான் அவன் செய்த தப்பு.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கடைக்குப் போகிற வழிதான். வண்டியில் ஏறியதும் அவன் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொள்வாள். அங்கிருந்தே பேச்சும் ஆரம்பமாகும். நரம்பே கிடைக்காத கிழவர், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த பயில்வான், அக்காவின் மாமியார் சண்டை, ராத்திரி கண்ட கனவு என்று எல்லாம் அந்த முதுகிடம்தான் சொல்லப்பட்டன. ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்கும். இவன் "ம்ம்" கொட்டுவான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. வீட்டில் பேச யாருக்கு நேரம்?

ஒரு கோடையில், கடையில் ஒருத்தன் அவனைத் திருப்பி நிறுத்தி, "என்னப்பா இஸ்திரி, முதுகுல யாரோ முகம் கழுவிட்டுப் போயிருக்காங்க!" என்றான். வட்டமாக ஈரம், நடுவில் பவுடர் தடம், சுற்றிலும் கசங்கல். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னான்:

"வெயில் முடியுற வரைக்கும் நீ பஸ்ல போயிடேன்."

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். காரணம் கேட்பாள் என்று நினைத்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தான். அவள், "சரி" என்றாள். அவ்வளவுதான்.

வெயில் முடிந்தது. மழை வந்தது, குளிர் வந்தது. வா என்று இவன் கூப்பிடவில்லை; வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. தனியாகப் போவது சௌகரியமாகத்தான் இருந்தது. அடுத்த கோடையும் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒருநாள், கணவருக்குச் சட்டை வாங்க வந்த ஒரு அம்மா அவனை உற்றுப் பார்த்தார். "நீங்க லேப்ல இருக்கிறவங்களோட வீட்டுக்காரர்தானே? போட்டோ காட்டியிருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் தினம் ஒரே பஸ்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கழுத்துல கட்டின்னு ஸ்கேன் எடுத்தாங்களே, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எனக்கே தூக்கம் இல்லைங்க. நல்லவேளை, ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. நீங்க எப்படித்தான் தாங்குனீங்களோ!" என்றார்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "ஆமாங்க, பயந்துதான் போயிட்டோம்" என்று சொல்லி, கையிலிருந்த சட்டையை மடித்தான். மடிப்பு கோணலாக விழுந்தது. பிரித்து மறுபடி மடித்தான்.

வீட்டுக்குப் போனதும் கேட்டான். "ஸ்கேன் எடுத்தியாமே?"

"ஆமா. அது ஆச்சே ஒரு மாசம். வெறும் கொழுப்புக் கட்டியாம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

அவள் கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். அவளோ கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தாள். "சொன்னேன்னுதானே நினைச்சேன்... விடியறதுக்கு முன்னாடி கண்ட கெட்ட கனவுகூட சொன்னேனே. ஓ, அது பஸ்ல சொன்னேன்போல."

அவள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாளெல்லாம் அவன் நிழல் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பிடிவாதமாக அவளை வண்டியில் ஏற்றினான். அவள் கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, பின்கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சாஞ்சுக்கோ."

"வேணாம், கசங்கிடும்."

"கசங்கினா கசங்கட்டும்."

அவள் சிரித்தாள். அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறான் என்று நினைத்த சிரிப்பு. மரத்தடி சிக்னலில் நின்றபோது, "ஏதாவது பேசேன்" என்றான். "என்ன பேசறது? ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றாள். இறங்கும்போது, "நாளைக்கு பஸ்லயே போறேங்க. அவங்க எனக்கு சீட்டு பிடிச்சு வச்சிருப்பாங்க, பாவம்" என்றாள். அதில் கோபமோ குத்தலோ இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டாவது சமாதானம் ஆகியிருக்கலாம்.

அடுத்த வாரம் ஒரு காலை, சிக்னலில் அவன் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. நிழலுக்கு ஒதுங்காமல் நட்டநடுவில், வெயிலிலேயே நின்றிருந்தான். தற்செயலாக நிமிர்ந்தான். மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். அந்த அம்மாவின் தோளில் கையைப் போட்டு, முகம் முழுக்கச் சிரிப்பாக, மூச்சுவிடாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ மயங்கி விழுவதைக் கையால் நடித்துக் காட்டினாள். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கழற்றியும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் திரும்பியபோது அவனைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. உடனே புருவத்தைச் சுருக்கி, தன் கழுத்தோரம் விரலை வைத்துக் காட்டினாள். அவனுக்குப் பகீரென்றது. அவள் மறுபடியும் காட்டினாள். காலர் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதாம்.

அவன் மடித்துவிட்டான். 'இப்போ சரி' என்று தலையை ஆட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவன் ஒரு கையில் ஹெல்மெட்டும் ஒரு கையில் காலருமாக, நகர்ந்து போகிற அந்த ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தான்.