காட்டில் தீட்டாதீர்

மேஜைமேல் ஆறு விதமான கத்திகள் கிடந்தன. மடக்கிச் சட்டைப்பையில் போடும் ரகமல்ல. அலகும் பிடியும் ஒரே துண்டாக ஓடும், உறையில் செருகி இடுப்பில் கட்டிக்கொள்ளும் காட்டுக் கத்திகள். ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்க வேண்டியவள் உபகரணப் பிரிவில் சேர்ந்து ஒன்பது மாதமே ஆன பெண். உலோகவியல் படித்தவள். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மிதித்திருந்தாலும் அங்கே சுவர் எழுப்பத்தான் போயிருப்பார்கள்.

நில அளவை செய்யும் நிறுவனம் அது. கருவியைத் தூக்கிக்கொண்டு அளப்பவர்கள் காட்டுக்குள் போவதற்கு முன்னால் ஆறு பேர் கொண்ட கூட்டம் ஒன்று போகும். பார்வையை மறைக்கிற கொடியை அறுக்கும், கிளையைப் பிளக்கும், குச்சி சீவி முளை அடிக்கும். ஒரு நாளைக்கு இருநூறு முளை. அந்த முளைகளைப் பதினெட்டு வருடமாகச் சீவி வருகிறவள் அவளுடைய அம்மா. இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி நடந்துகொள்வதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றார் மேலாளர். வார இறுதியில் மீன் பிடிக்கப் போகிற மனிதர். கத்திகளில் எது உசத்தியோ அதைச் சரியாகக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். "இத எடுத்து அந்தப் பக்கம் வைங்க. மீதியில எது மலிவோ அத வாங்கிப் போடுங்க. முளை சீவறதுக்கு எதுக்கு இந்த எஃகு? அவங்க இத வச்சு பாட்டில் மூடி தொறப்பாங்க."

"சோதிச்சுட்டுச் சொல்றேன் சார்."

"சோதிங்க, சோதிங்க. படிச்சது வீணாப் போகக் கூடாதில்ல."

அவள் சோதித்தாள். சணல் கயிற்றைப் பலகையில் வைத்து, ஒரே அழுத்தத்தில், கூர் மழுங்கும்வரை அறுத்து எண்ணினாள். சாதா எஃகுக் கத்தி நூற்று நாற்பது அறுப்பில் மூச்சு விட்டுவிட்டது. அந்த உயர்ரகம் அறுநூற்றுப் பத்துவரை போயிற்று. அறுநூற்றுப் பத்தாவது கயிறு துண்டானபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

கயிறு சுத்தமான கயிறு. காட்டுக் குச்சியில் மண் ஒட்டியிருக்கும், மண்ணுக்குள் பொடிக்கல் இருக்கும். அம்மா பெரிய கிளையைப் பிளக்கும்போது கத்தியைக் குறுக்கே வைத்து அதன் முதுகில் கட்டையால் போடுவாள். கடினம் ஏற ஏற அடி தாங்கும் குணம் குறையும் என்று மூன்றாம் ஆண்டுப் பரீட்சையில் படம் போட்டு நாலு பக்கம் எழுதியவள்தான் அவள். எல்லாம் தெரியும். ஆனால் காதுக்குள் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தது. முளை சீவறதுக்கு எதுக்கு இந்த எஃகு? பள்ளிக்கூடத்தில் யாரோ போட்டுக் கழித்த சீருடையை நீட்டி, உனக்கு இது போதும் என்றார்கள். விடுதியில் ஜன்னல் இல்லாத அறையைக் காட்டி, உனக்கு இது போதும் என்றார்கள். போதும் போதும் என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, ஒரே ஒரு தடவையாவது போதாது என்று சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. அறிக்கையில் எண்களை அடுக்கினாள். காட்டுக் கூட்டத்துக்கும் முதல்தர எஃகே வேண்டும் என்று முடித்தாள். இரண்டு அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடினாள். மேலாளர் கடைசியில் கையை விரித்தார். "சரிம்மா, உங்க ஆளுங்க, உங்க பொறுப்பு."

அந்த வாரம் அம்மா காட்டு முகாமிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவாள்.

"புதுக் கத்தி வருதும்மா. நானே பாத்துப் பாத்து எடுத்தது."

"எந்தக் கத்தியா இருந்தா என்னடி? மதியம் சாப்பிட்டுட்டு ஓடைக் கல்லுல நாலு இழுப்பு இழுத்தா வேலை முடிஞ்சது."

"இதுக்கு அதெல்லாம் வேண்டாம். மாசக் கணக்குல கூர் நிக்கும்."

"நிக்குமா?" அம்மா வாயைப் பிளந்தாள். "எனக்கே அவ்வளவு நேரம் நிக்க முடியலையேடி."

இருவரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் அவள் கேட்டிருக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீட்டுறே, எப்போ மழுங்குது, எங்கே பல்லு விழுது. கேட்கவில்லை. எஃகைத் தூளாக்கி மறுபடி கெட்டிப்படுத்துவது எப்படி என்று அரை மணி நேரம் விளக்கினாள். அம்மா கொட்டாவியை விழுங்கி விழுங்கிக் கேட்டாள்.

கத்தி விற்ற நிறுவனத்தின் ஆள் ஒரு நிபந்தனை வைத்தான். கண்ட கல்லில் தீட்டினால் உத்தரவாதம் கிடையாது. மழுங்கினால் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்களுடைய இயந்திரத்தில் தீட்டி மூன்று நாளில் திரும்பி வரும். அதை ஒரு சிறு அட்டையில் எழுதும் வேலையும் அவளிடமே வந்தது. 'காட்டில் தீட்டாதீர்' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே என்று நினைத்து, கீழே ஒரு கல்லும் கத்தியும் வரைந்து, மேலே சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டாள். அழகாகத்தான் வந்தது. அம்மா அதற்குப் பிளாஸ்டிக் உறை வாங்கி, கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாளாம். பார்க்கிறவனிடமெல்லாம், "என் மக போட்ட படம்" என்றாளாம்.

ஏழு வாரம் கழித்து, மதியம் மூன்று மணிக்கு முகாம் மேஸ்திரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எஞ்சினியரம்மா, பதறாதீங்க. அம்மாவுக்குக் கையில கொஞ்சம் பட்டுடுச்சு."

கொஞ்சம் என்று சொல்கிற குரலா அது?

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அம்மாவோடு வேலை செய்கிறவள் உட்கார்ந்திருந்தாள். சொந்தமில்லை, ஆனாலும் சின்ன வயதிலிருந்து சித்தி என்றே கூப்பிட்டுப் பழக்கம். சித்தியின் சேலையில் முன்புறம் முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

"எப்படி சித்தி ஆச்சு?"

"எப்படி ஆகும்? வெட்டாத கத்தியப் போட்டு அழுத்தினா எப்படி ஆகுமோ அப்படித்தான். குச்சிய இடது கையில பிடிச்சுச் சீவுறா. ஏற மாட்டேங்குது. பல்ல கடிச்சுக்கிட்டு ஒரு அழுத்து அழுத்தினா. வழுக்கி நேரா கட்டைவிரல் அடியில."

"உங்க கத்தியும் அப்படித்தான் மழுங்கியிருக்கா?"

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க கத்தியா? எங்கள்ல யாருடி அத வச்சு வேலை செய்யறா? பழச எல்லாரும் பையில வச்சிருக்கோம். ஆபீஸ் வண்டிச் சத்தம் கேட்டா மட்டும் புதுச இடுப்புல கட்டிப்போம். அந்தச் சனியன் கல்லுல தீட்டினாலும் லேசுல ஏறாது. கல்லுதான் தேயுது. உங்கம்மாகிட்ட நூறு தடவை சொல்லியாச்சு. பழசை எடுடின்னா கேக்கல. ஒரு நாள் நானே அவ கத்தியக் கல்லுல வைக்கப் போனேன், கையிலயே போட்டா ஒரு போடு. 'படிச்சவ சொல்றா, உனக்கென்ன தெரியும்'ங்கறா."

"மழுங்கினா அனுப்பச் சொல்லி எழுதியிருந்தேனே?"

"அனுப்பினோமே. மூணு நாள்ல வரும்னு எழுதியிருந்தே, பதினோரு நாள் ஆச்சு. அதுவரைக்கும் எத வச்சுச் சீவுவா, பல்ல வச்சா? என்கிட்ட இரவல் வாங்கிச் சீவினா. மறுபடி மழுங்கினப்போ அனுப்பவே மாட்டேன்னுட்டா. திரும்பத் திரும்ப அனுப்பினா கத்தி சரியில்லன்னு எழுதிடுவாங்களாம், பொண்ணுக்குக் கெட்ட பேராம்."

மேஸ்திரி கத்தியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். கூரின் விளிம்பு நெடுகப் பொடிப்பொடியாக உதிர்ந்து, எலி கடித்த காகிதம் மாதிரி இருந்தது. நாலு பக்கம் எழுதிய பதில் கண்ணெதிரே இருந்தது. இந்தத் தடவை யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.

அம்மாவின் இடது கட்டைவிரல் நரம்பு அறுந்திருந்தது. தைத்துவிட்டார்கள். விரல் இருக்கும், மடங்காது என்றார் டாக்டர். அம்மா கட்டுப் போட்ட கையை அடுத்தவளுடைய கையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்தி நல்ல கத்திதான்டி" என்றாள். "என் கைதான் மட்டமான சரக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏம்மா தீட்டல? உனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் தீட்டினவதானே?"

"நீ வேண்டாம்னு படம் போட்டிருந்தியே."



அந்த நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. விபத்துக்கு வேலை ஆள் காரணமில்லை என்றால் அவருக்கு முகாமிலேயே இலகுவான வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். கவனக்குறைவு என்றால் வெளியே. மூன்றாம் நாள் மேலாளர் விசாரணைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. உபகரணப் பிரிவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"இது கவனக்குறைவு இல்ல சார். தப்பான கத்தி. தப்பான அட்டை. ரெண்டும் நான் செஞ்சது."

"அப்படி எழுதினா அடுத்த மாசம் நீங்க இந்த நாற்காலியில இருக்க மாட்டீங்க, தெரியுமில்ல?"

"தெரியும்."

"உங்கம்மாவுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையேம்மா." இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். காலையிலேயே சித்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு அம்மா அலுவலகத்துக்கு வந்துபோயிருக்கிறாள். கத்தியில் குறையில்லை, பராக்குப் பார்த்துக்கொண்டு சீவியதால் வெட்டிக்கொண்டேன் என்று யாரோ எழுதியிருக்க, அடியில் அம்மாவின் வலது பெருவிரல் ரேகை. நல்ல விரலின் ரேகை. அப்பிக்கொள்ளாமல் சுத்தமாகப் பதிந்திருந்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தன் மேஜைக்குப் போய் வெள்ளைத்தாளை எடுத்தாள். கயிறு என்று எழுதினாள், காடு என்று எழுதினாள், அறுநூற்றுப் பத்து என்று எழுதினாள். கடினமான எஃகு மண்ணோடும் அடியோடும் என்ன ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும், வேலை செய்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் தேர்ந்தெடுத்தேன், தீட்டாதே என்று எழுதியதும் நானே. என் அம்மா கொடுத்த வாக்குமூலம் பொய், என் வேலையைக் காப்பாற்றச் சொன்ன பொய். கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து, தலைமை அலுவலகத்துக்கும் ஒன்று அனுப்பினாள். வேலை போகும். போகட்டும். அம்மாவாவது முகாமில் இருப்பாள். அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

மேலே இருக்கிறவர்கள் அவளைவிடக் கெட்டிக்காரர்கள். இரண்டு வாக்குமூலத்தில் எது உண்மை என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் நம்பிவிட்டார்கள். தன் கவனக்குறைவைத் தானே ஒப்புக்கொண்ட தொழிலாளி நீக்கப்படுகிறார் என்று ஒரு கடிதம் வந்தது. தன் தவறான தேர்வைத் தானே ஒப்புக்கொண்ட ஊழியர் நீக்கப்படுகிறார் என்று இன்னொன்று. ஒரே நாளில், ஒரே தபால்காரர் கையில். காட்டுக் கூட்டத்துக்குச் சாதா எஃகுக் கத்தியே போதும் என்று முடிவாயிற்று. திரும்ப வாங்கிய ஆறு கத்திகளில் ஐந்து அலுவலகத்துப் பெரியவர்களின் வீடுகளுக்குப் போயின. அந்த ஐந்தில் ஒன்று மேலாளரோடு மீன் பிடிக்கப் போகிறது. தூண்டில் கயிற்றை வெண்ணெய் மாதிரி அறுக்கிறதாம், மேஸ்திரி வந்து சொன்னார். அறுக்காமல் என்ன? அந்தக் கத்திக்கு ஏற்ற வேலை அதுதான். ஆறாவதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது அம்மாவுடையது.

அம்மா இரண்டு கடிதங்களையும் அவளையே படிக்கச் சொல்லிக் கேட்டாள். முதலாவதுக்குத் தலையை ஆட்டினாள். இரண்டாவது முடியும்வரை அசையாமல் இருந்தாள்.

"நான் போய்ச் சொல்லிட்டு வந்தேன்ல?"

"பொய்தானேம்மா சொன்னே."

"ஆமா, பொய்தான். என் கை, என் பொய். உன்ன யாருடி நடுவுல வரச் சொன்னது?"

"உன்ன வெளிய தள்ளுவாங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டு உள்ள உக்காந்திருக்கணுமா?"

"உக்காந்திருக்கணும்! அதுக்குத்தானே பதினெட்டு வருஷம் குச்சி சீவினேன்?" அம்மாவின் குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "கை போனதுக்கு ஒரு பலனாவது இருந்துச்சு. என் மக நாற்காலியில இருக்கான்னு இருந்துச்சு. அதையும் கெடுத்துட்டியே. பெரிய உண்மைக்காரி."

அவளுக்கு உதடுவரை வந்தது. உன்னை யார் என் படத்தை வேதவாக்காக எடுக்கச் சொன்னது? உன் கல், உன் கத்தி, உன் புத்தி எல்லாவற்றையும் என் காலடியில் கொண்டுவந்து வைக்க உன்னை யார் கேட்டது? நான் தப்புச் செய்யவே கூடாத ஒருத்தி என்று நீ நம்பினால் நான் எங்கே போய்த் தப்புச் செய்வது? கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மாவுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தாள். பிறகு, மறுபடியும் இப்படியே நினைக்கிறோமே என்று தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

கழுத்திலிருந்த அட்டையை அம்மா கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அம்மா கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். ஒற்றைக் கையால் சுருட்டினாள், சரிந்தது. மறுபடி சுருட்டினாள். மடங்காத கட்டைவிரலால் கொண்டையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள், நழுவி முதுகில் விழுந்தது.

"குடும்மா, நான் போட்டு விடறேன்." அவள் கட்டிலிலிருந்து எழுந்தாள்.

அம்மா சீப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். விரித்த தலையோடு வாசலைக் கடந்து, தெரு முழுக்கப் பார்க்கும்படி நடந்து, நாலு வீடு தள்ளி, முகாமிலிருந்து வந்திருந்த சித்தியின் கதவைத் தட்டினாள்.