கட்டிலை விற்ற காட்சி

நடிகை டாலியா செர்ராவின் குரலில் இத்தாலி முழுவதும் கிறங்கிக் கிடந்த வருஷங்களில், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி சான் ஜொவான்னியில் பஸ் ஏறி, உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வேலைக்கு வருவாள். பெயர் எர்சிலியா. ஐம்பதைத் தாண்டியவள், கனத்த உடம்பு. டப்பிங் கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு துண்டு அதிமதுரத்தை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வாள். பிறகு இருட்டில் மைக் முன்னால் போய் நிற்பாள். வெள்ளைத் திரையில் இருபத்தெட்டு வயதுப் பேரழகி வாயைத் திறப்பாள். எர்சிலியா பேசுவாள்.

நான் ஜெம்மா. அந்த டப்பிங் கூடத்தில் உதவியாளர். மைக்குக்குப் பக்கத்தில் சின்ன விளக்கோடு உட்கார்ந்து, திரையில் அசையும் உதட்டோடு வசனம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் ரோமாபுரிப் படங்களில் படப்பிடிப்பில் பேசுவது எதுவும் மிஞ்சாது. கேமரா ஓடும்போதே இயக்குநர் கத்துவார், பக்கத்தில் தச்சன் ஆணி அடிப்பான், வசனம் மறந்தவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்த எண்களையெல்லாம் நாங்கள்தான் காதல் வசனமாக மாற்றுவோம். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி விடுவார்கள். அது திரையில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், வசனம் சரியாக விழும்வரை.

பத்து வருஷமாக டாலியாவுக்கு எர்சிலியாதான் குரல். இருவரும் ஒருதரம்கூடச் சந்தித்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு டாலியாவின் பெயர் அச்சிட்ட அட்டையோடு ஒரு பெரிய கேக் எர்சிலியாவின் வீட்டுக்கு வரும். அதை அவள் புருஷன் ஒரெஸ்தே தின்றுவிடுவார். ஒரெஸ்தே ஒரு காலத்தில் நாடக நடிகர். டப்பிங் பேசுவது தன் தகுதிக்குக் கீழே என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் நாள் முழுக்கச் சீட்டாடுவார்.

அந்த வருஷம் வலென்சானி என்ற இயக்குநர் டாலியாவை வைத்து ஒரு படம் எடுத்தார். சந்தையில் காய்கறி விற்கும் பெண்ணின் கதை. புருஷன் ஜெயிலில். வலென்சானி ஒரே பிடிவாதமாக நின்றார், இந்தப் படத்தில் டாலியா தன் சொந்தக் குரலில்தான் பேச வேண்டும் என்று. ஸ்டுடியோவில் எல்லோரும் சிரித்தார்கள். டாலியா பியெத்ரலாத்தா என்ற ஏழைப் புறநகரில் வண்டிக்காரன் மகளாகப் பிறந்தவள், அவள் பேச்சு எவ்வளவு கரடுமுரடாக இருக்கும் என்று ஒப்பனைக்காரர்களிலிருந்து காவலாளிவரை எல்லோருக்கும் தெரியும்.

அவள் டப்பிங் பேச எங்கள் கூடத்துக்கு வந்தாள். காலையெல்லாம் ஒரே வளையம் ஓடியது. உதடு அவளுடையது, பேச்சு அவளுடையது, இரண்டும் ஒட்டவே இல்லை. டப்பிங் இயக்குநர் பொம்பிலியோ மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுவித்தபோது, அவள் வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்து, உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கூடத்தில் ஒரு ரோமாபுரி மகாராணிக்குக் குரல் கொடுத்துவிட்டு எர்சிலியா அப்போதுதான் வெளியே வந்தாள். கையில் காகிதத்தில் பொதிந்த பொரித்த சோற்று உருண்டை.

டாலியா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே எர்சிலியா?"

"ஆமா."

"நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன்."

"ஒல்லியா இருப்பேன்னா? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. என் வீட்டுக்காரரும்தான்."

டாலியா மூக்கை உறிஞ்சினாள். "உங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறேன்னு கோவமா?"

எர்சிலியா மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்தாள். "கோவப்படத் தெம்பு வேணும் மகளே. பத்து வருஷமா உனக்காக நான் அழுதாச்சு. இனிமே நீயே அழுதுக்கோ. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

டாலியா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கரகரவென்று, சரளைக்கல்லில் வண்டிச் சக்கரம் ஏறியதுபோல இருந்தது. எர்சிலியா சோற்று உருண்டையைப் பிட்டு அவளுக்குப் பாதி கொடுத்தாள். இருவரும் தின்றார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயில் காட்சி. பார்வையாளர் நாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் டாலியா, அந்தப் பக்கம் புருஷன். அவள் சொல்வாள்: "கட்டிலை வித்துட்டேன்." அவன் பதில் சொல்ல மாட்டான். "இனி நீ வெளிய வந்தாலும் தரையிலதான் படுக்கணும்." அவ்வளவுதான் வசனம். அன்று டாலியா அதைச் சொன்னபோது முதல் வார்த்தையிலேயே குரல் பிசிறியது. பாதியை விழுங்கினாள். உதடும் பேச்சும் ஒட்டுகிறதா என்று பார்க்க மறந்துபோய் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பொம்பிலியோ "சரி, அடுத்தது" என்றார். யாரையும் பாராட்டி அவருக்குப் பழக்கமில்லை. அவர் அப்படித்தான்.

படம் முடிந்து வலென்சானி அடுத்த வேலையாகப் பாரிஸுக்குப் போய்விட்டார். தயாரிப்பாளர் ஸ்கால்ஃபி அதை விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டினார். விளக்கு எரிந்ததும் வடக்கேயிருந்து வந்த ஒருவர் கேட்டாராம், "நம்ம டாலியா எங்க? இது யாரோ மூட்டை தூக்குறவ பேசற மாதிரி இருக்கு." மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒப்பந்தப்படி குரல் விஷயத்தில் ஸ்கால்ஃபி வைத்ததுதான் சட்டம். டாலியாவிடம்கூடச் சொல்லாமல் பொம்பிலியோவை அழைத்து, சத்தமில்லாமல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார்.

எர்சிலியாவிடம் பொம்பிலியோ விஷயத்தைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

"முடியாது," என்றாள் அவள். "அந்தப் பொண்ணு இங்க உக்காந்து அழுததை நான் பாத்தேன்."

"தாயே, நீ வரலன்னா ரெனாத்தாவைக் கூப்பிடுவேன். நாளைக்குக் காலையில வந்து நிப்பா."

ரெனாத்தா எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தவள். சாவு வீட்டுக் காட்சியென்றால் ஊர் முழுக்கக் கேட்கும்படி அழுவாள். எர்சிலியா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"முதல்ல எனக்குப் போட்டுக் காட்டு. அவ பேசினதை நான் கேக்கணும்."

போட்டுக் காட்டினோம். இருட்டில் நாங்கள் மூவர் மட்டும். ஜெயில் காட்சி வந்து போனது. முடிந்தபிறகும் எர்சிலியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கே."

"நல்லாத்தான் இருக்கு," என்றார் பொம்பிலியோ. "அதனால?"

"இந்த ஒரு வளையத்தை மட்டும் அப்படியே விட்டுடேன்."

"ஒரு படத்துல ஒருத்திக்கு ரெண்டு குரலா? ஸ்கால்ஃபி என் தோலை உரிச்சு ஷூ தச்சுப் போட்டுக்குவான்."

எர்சிலியா செருப்பைக் கழற்றினாள். ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். வேலை தொடங்கியது. எல்லோருக்கும் பழக்கமான அந்தக் குரல், பட்டுத்துணியை மெல்ல இழுப்பதுபோல, காய்கறிக்காரியின் வாயிலிருந்து வந்தது. தக்காளிக்கு விலை சொன்னாலே காதல் கடிதம் படிப்பதுபோல் இருந்தது. பொம்பிலியோ தலையைக் குனிந்துகொண்டு "சரி, அடுத்தது," "சரி, அடுத்தது," என்று சொல்லிக்கொண்டே போனார்.

கடைசி நாள் ஜெயில் காட்சியை எடுத்தோம். எர்சிலியா அழகாகச் சொன்னாள். உதட்டில் கச்சிதமாக ஒட்டியது. ஆனால் அவளே கையை உயர்த்தி, "வேண்டாம், மறுபடி," என்றாள். மறுபடியும் அழகாக வந்தது. மறுபடியும் கையை உயர்த்தினாள். எத்தனை முறை அந்த வளையம் சுற்றியது என்று தெரியாது, டாலியாவின் முகம் திரையில் வந்து வந்து போனது. பிறகு எர்சிலியா வாயிலிருந்த அதிமதுரத்தைக் கைக்குட்டையில் துப்பினாள். தொண்டையை இறுக்கினாள். தோளைக் கொஞ்சம் கூனிக்கொண்டாள்.

"கட்டிலை வித்துட்டேன்."

நான் திரையிலிருந்து கண்ணை எடுத்து எர்சிலியாவைப் பார்த்தேன். அது டாலியா. டாலியாவின் நிஜக் குரல், வண்டிக்காரன் மகளின் குரல், அதே பிசிறோடு. அவள் வார்த்தையை விழுங்கிய அதே இடத்தில் எர்சிலியாவும் விழுங்கினாள். பத்து வருஷம் ஒருத்தியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது எளிதாக வந்ததோ என்னவோ, ஆனால் சொல்லி முடித்ததும் சுவரில் சாய்ந்து நின்றாள்.

பொம்பிலியோ சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"ஸ்கால்ஃபி கேட்டா நான் என்ன சொல்ல?"

"எர்சிலியாவுக்கு அன்னிக்குச் சளின்னு சொல்லு."

அவர் சாம்பலைத் தட்டினார். "சரி, அடுத்தது," என்றார்.

ஸ்கால்ஃபி கேட்கவே இல்லை. படம் வெளியானது. கூட்டம் வந்தது. பத்திரிகைகள் எல்லாம் அந்த ஒரு காட்சியைப் பற்றியே எழுதின. இத்தனை வருஷம் அழகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் குரலை இன்றுதான் கேட்டோம் என்று ஒருவர் எழுதினார். டாலியாவுக்குப் பரிசும் கிடைத்தது. பாரிஸிலிருந்து வந்து குரலை மாற்றியதற்காக ஸ்டுடியோ வாசலில் ஸ்கால்ஃபியைக் கெட்ட வார்த்தையில் திட்டிய வலென்சானி, பரிசளிப்பில் அவர் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எர்சிலியா வீட்டில் சாப்பிடப் போயிருந்தேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. ஒரெஸ்தே கதவைத் திறந்தார். டாலியா செர்ரா தலையில் முக்காடும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றிருந்தாள். அவர் அவள் கையை முத்தமிட்டுவிட்டு, டை கட்ட உள்ளே ஓடினார்.

டாலியா நேராகச் சமையலறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எல்லாத்தையும் மாத்திட்டீங்க."

"ஆமா," என்றாள் எர்சிலியா.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். அப்புறம் சரின்னும் சொன்னேன். உக்காரு மகளே, என்னால தலையைத் தூக்கிப் பேச முடியல. கழுத்து வலிக்குது."

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் வீங்கியிருந்தன. "நான் கேக்க வந்தது அது இல்ல. கட்டில் காட்சி. கொட்டகையில உக்காந்து பாத்தேன், கேட்டேன். அது நானா நீங்களான்னு எனக்கே தெரியல. எல்லாரும் அதைச் சொல்லித்தான் கையைக் குலுக்குறாங்க. பரிசை வீட்டுல வச்சிருக்கேன், அந்தப் பக்கம் திரும்பவே முடியல. நெஜத்தைச் சொல்லுங்க. அது யாரு?"

நான் மொச்சையை விட்டுக் கையை எடுத்தேன். எர்சிலியா எடுக்கவில்லை. ஒரு காயை உரித்து முடித்து, தோலைக் காகிதத்தில் போட்டாள்.

"நீதான்."

"சத்தியமா?"

"அந்த ஒரு வளையத்தைத் தொடல. பொம்பிலியோ பழசையே விட்டுட்டான். இவகிட்டயே கேளு."

டாலியா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், அந்தக் கரகரத்த குரலில், சத்தமாக. டை கட்டிக்கொண்டு வந்த ஒரெஸ்தே வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு எங்களோடு மொச்சையும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டாள். "இங்க யாரும் என்னை டாலியான்னு கூப்பிட வேணாம். அஸ்ஸுந்தாதான் என் பேரு. டாலியாங்கிறது ஸ்கால்ஃபி வச்சது," என்றாள். ஒரெஸ்தேயின் பழைய நாடகக் கதைகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

அவள் போனபிறகு நான் கேட்டேன், "ஏன் பொய் சொன்னீங்க? உங்க வேலைக்கு நீங்களே உலை வச்சுக்கிட்டீங்களே."

"நெஜத்தைச் சொன்னா அவ ஆயுசு முழுக்க என் குரலைச் சுமந்துக்கிட்டுத் திரியணும். நானும் அவளுக்குப் பேசற சுமையை இறக்கி வைக்க முடியாது. என்னால முடியலடி ஜெம்மா. அந்தக் காப்பிப் பாத்திரத்தை அடுப்புல வை."

நான் பயந்தபடியே நடந்தது. டாலியா அடுத்த ஒப்பந்தத்தில் சொந்தக் குரல் என்று எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். முதல் படத்தில் ஜனங்கள் முணுமுணுத்தார்கள், இரண்டாவதில் பழகிவிட்டது. பழைய குரலை யாரும் தேடவில்லை. எர்சிலியாவுக்கு மாமியார்கள், விதவை மகாராணிகள், கன்னியாஸ்திரீகள் வந்தார்கள். வருமானம் குறைந்தது. காப்பிக் கடையில் சீட்டு ஆட்டம் சுருங்கியதைப் பற்றி ஒரெஸ்தே எப்போதும் முனகிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் கழித்து, ஒரே படத்தில் இருவரும் ஒரே மைக் முன்னால் நின்றார்கள். டாலியா தன் பாத்திரத்துக்குத் தானே பேசினாள். எர்சிலியா ஒரு கன்னியர் மடத்துத் தலைவிக்குப் பேசினாள். இரண்டு மூன்று வரிதான். வளையம் சுற்றியது. வசனம் விழுந்தது. பொம்பிலியோ "சரி" என்றார்.

டாலியா எர்சிலியாவின் பக்கம் திரும்பினாள். "எப்படி இருந்துச்சு?"

"பரவால்ல. ஆனா மூச்சைச் சீக்கிரம் விட்டுடற."

டாலியா ஒரு கணம் யோசித்தாள். "பொம்பிலியோ, இன்னொரு தடவை எடுப்போம்," என்றாள்.

எர்சிலியா அப்போதுதான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்து உட்கார்ந்திருந்தாள். "வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்," என்று என் காதோரம் முணுமுணுத்துவிட்டு, மறுபடியும் எழுந்து மைக் முன்னால் போய் நின்றாள்.